குலுக்கல் செம்பும் தேங்காய்ச் சாக்கும்: திருப்பி வைக்காமல் எடுக்கும்போது நிகழ்தகவு காணும் முறை

மதுரை செல்லூரில் மாலை வேளைகளில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கிய சில நாட்களிலேயே ஒரே பிழை நோட்டுக்கு நோட்டு வந்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கணக்கு எளியதுதான். ஒரு கட்டைப்பையில் ஒரே அளவாக மடித்து வைத்த எட்டுச் சுங்குடிச் சேலைகள் உள்ளன. அவற்றில் 5 சிவப்பு, 3 பச்சை. பைக்குள் பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதைத் திருப்பி வைக்காமல் இன்னொன்றையும் எடுத்தால், இரண்டும் சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? வகுப்பில் பாதிப் பேர் 5/8 × 5/8 = 25/64 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிடுவார்கள். சரியான விடை 5/14. முன்னது ஏறத்தாழ 0.39, பின்னது ஏறத்தாழ 0.36; இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் விடை தவறு என்னும் ஐயம் பிள்ளைகளுக்கு எழுவதே இல்லை.

பிழை எங்கே நுழைகிறது என்பதைப் பையைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். முதல் முறை பைக்குள் கையை விடும்போது அதில் 8 சேலைகள், அவற்றில் 5 சிவப்பு, ஆகவே 5/8. சிவப்புச் சேலை ஒன்று வெளியே வந்து மடியில் கிடக்கிறது. இப்போது பையில் இருப்பவை 7 சேலைகள்தாம். அவற்றில் சிவப்பு 4. எனவே இரண்டாம் முறைக்கான பின்னம் 4/7. இரண்டையும் பெருக்கினால் 5/8 × 4/7 = 20/56 = 5/14. மீண்டும் 5/8 என்று எழுதுகிறவர், எடுத்த சேலையை யாருக்கும் தெரியாமல் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டார் என்றே பொருள்.

ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் இரண்டு எண்ணிக்கைகளைப் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இப்போது மொத்தம் எத்தனை இருக்கின்றன, நான் தேடும் வகையில் இப்போது எத்தனை இருக்கின்றன. முதல் கேள்விக்கான விடை, அதாவது பகுதி, ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தே தீரும். இரண்டாவது கேள்விக்கான விடை, அதாவது தொகுதி, அந்த வகையிலிருந்து ஒன்று வெளியேறியிருந்தால் மட்டுமே குறையும். இதைச் சொன்ன மறுநாளே இன்னொரு பிழை முளைக்கும்: மேலும் கீழும் ஒன்று குறைப்பதுதான் விதி என்று சிலர் மனப்பாடம் செய்துகொண்டு, முதலில் சிவப்பும் அடுத்துப் பச்சையும் வருவதற்கு 5/8 × 2/7 என்று எழுதுவார்கள். போனது சிவப்பு, பச்சைகள் மூன்றும் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே 5/8 × 3/7 = 15/56 என்பதே சரி. விதியை நினைவில் வைப்பதைவிடப் பையை நினைவில் வைப்பது நல்லது.

ஏன் பெருக்குகிறோம் என்று கேட்கும் பிள்ளை எப்போதாவது ஒருவர் அமைவார்; அவருக்காகவே இதைச் சொல்ல வேண்டும். முதல் சேலையை 8 வகையிலும், அவற்றில் எது வந்தாலும் அடுத்ததை 7 வகையிலும் எடுக்கலாம்; எனவே வரிசையோடு சேர்த்து எண்ணினால் 56 வாய்ப்புகள். அவை எல்லாமே சமவாய்ப்பு உடையவை. அவற்றுள் முதலில் 5 சிவப்பில் ஒன்றும் அடுத்து மிஞ்சிய 4 சிவப்பில் ஒன்றும் வருபவை 20. இந்த 20/56 தான் மேலே பெருக்கலாக வந்தது. முதல் நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காணும் 4/7 போன்ற பின்னத்துக்கே நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். பதினோராம் வகுப்பில் இதைப் பெருக்கல் தேற்றம் என்று படிப்பார்கள்.

ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் வேண்டும் என்று கேட்டால் இரண்டு வழிகளைக் கூட்ட வேண்டும், ஏனெனில் சிவப்பு முதலில் வரலாம், பச்சையும் முதலில் வரலாம். முதல் வழி 5/8 × 3/7 = 15/56, இரண்டாவது 3/8 × 5/7 = 15/56; கூட்டினால் 30/56 = 15/28. இரண்டும் பச்சையாக அமைவது 3/8 × 2/7 = 6/56 = 3/28. கணக்கை முடித்தபின் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 10/28 + 15/28 + 3/28 = 28/28. இந்தக் கூட்டல் ஒன்றுக்கு வராவிட்டால் எங்கேயோ ஒரு சேலை காணாமல் போயிருக்கிறது. இச்சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது; ஆயினும் தேர்வு அறையில் இதைச் செய்து பார்ப்பவர் மிகச் சிலரே.

வினாவில் உள்ள சொற்களையும் கவனிக்க வேண்டும். "திரும்ப வைக்காமல்" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் தொல்லையில்லை. "ஒரே நேரத்தில் இரண்டு எடுக்கப்படுகின்றன" என்று இருந்தாலும் அதே பொருள்தான். இரண்டையும் ஒரு கையில் அள்ளினாலும், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் திருப்பி வைக்காவிட்டாலும், வெளியே வரும் இரண்டும் வெவ்வேறு சேலைகளே. "வகுப்பிலிருந்து மூவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்" என்னும் வினாவில் வைப்பது பற்றிய பேச்சே இராது. ஆனால் ஒரே மாணவி இருமுறை தேர்வாக முடியாது என்பதால் அதுவும் இவ்வகையே. நாணயம் சுண்டுவதும் தாயம் உருட்டுவதும் இதில் சேரா. அங்கே எதுவும் தீர்ந்துபோவதில்லை. பாடநூல்கள் இந்தப் பகுதிக்குச் சீட்டுக்கட்டைத்தான் பெரிதும் நம்புகின்றன; 52 சீட்டுகளிலிருந்து இரண்டு எடுத்தால் இரண்டும் ஏஸாக இருப்பது 4/52 × 3/51 = 1/221 என்பது போன்ற கணக்குகள் அழகானவைதாம். ஆனால் வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காத பெண்பிள்ளைகள் என் வகுப்பில் பலர். அவர்களுக்கு நிகழ்தகவுக்கு முன் இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று சீட்டுக்கட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் அவர்கள் வீட்டிலேயே மாதந்தோறும் பார்க்கும் குலுக்கலை எடுத்துக்கொள்கிறேன்.

குலுக்கல் சீட்டு

எங்கள் தெருவில் நடக்கும் சீட்டில் 21 பேர். மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய், ஆக மாதந்தோறும் 42,000 ரூபாய் சேரும். முதல் மாதச் சீட்டு நடத்துகிற அக்காவுக்கே போய்விடும். மிஞ்சிய 20 பேரின் பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி எவர்சில்வர் செம்பில் போட்டு, கைக்குட்டையால் வாயை மூடிக் குலுக்கி, அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை எதையேனும் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பெயர் கிழிபடும்; மறுமாதம் செம்பில் 19 துண்டுகள். திருப்பி வைக்காமல் எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ஒன்பதாவது குலுக்கல் நடந்த அன்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்து, இருவரும் என்னிடம் வந்தார்கள். "இன்னிக்கு எனக்கு விழ இருபதுல ஒண்ணுதானே சார்?" என்றார் ஒருவர். "அது எப்படி, செம்புல பன்னெண்டு சீட்டுத்தானே கெடக்கு" என்றார் மற்றவர். இருவரும் சொன்னது சரியே. இருவரும் கேட்டது வெவ்வேறு கேள்வி.

சீட்டுத் தொடங்குவதற்கு முன்பே, "ஒன்பதாவது குலுக்கலில் என் பெயர் வருவதற்கான நிகழ்தகவு என்ன?" என்று கேட்டால், முதல் எட்டு முறை என் பெயர் வராமலும் ஒன்பதாவது முறை வந்தும் ஆக வேண்டும். அதைப் பெருக்கலாக எழுதினால் 19/20 × 18/19 × 17/18 × 16/17 × 15/16 × 14/15 × 13/14 × 12/13 × 1/12. ஒவ்வொரு பின்னத்தின் தொகுதியும் அடுத்த பின்னத்தின் பகுதியோடு அடிபட்டுப்போக, மிஞ்சுவது 1/20 மட்டுமே. மூன்றாவது குலுக்கலுக்குச் செய்தாலும், இருபதாவதற்குச் செய்தாலும் இதே 1/20 தான் வரும். ஆகவே முதலில் எடுப்பதாலோ கடைசியில் எடுப்பதாலோ, குலுக்கலைப் பொறுத்தவரை, ஒருவருக்கும் கூடுதல் வாய்ப்பு இல்லை. ஆனால் எட்டுக் குலுக்கல் முடிந்து, என் பெயர் இன்னும் வரவில்லை என்பது கண்கூடாகத் தெரிந்த பிறகு கேட்டால், செம்பில் இருப்பவை 12 துண்டுகள், அவற்றில் ஒன்று என்னுடையது, எனவே 1/12. முன்னது தொடக்கத்தில் கேட்ட கேள்வி, பின்னது நடுவழியில் ஒரு செய்தி தெரிந்த பின் கேட்ட கேள்வி. எந்த இடத்தில் நின்று கேட்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகே பின்னம் எழுத வேண்டும்.

சுங்குடிப் பையிலும் இதே செய்திதான். இரண்டாவது சேலை சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டால், முதல் சேலை என்ன நிறம் என்று சொல்லாதவரை, பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். இரண்டு வழியையும் கூட்டுங்கள்: 5/8 × 4/7 + 3/8 × 5/7 = 20/56 + 15/56 = 35/56 = 5/8. முதல் சேலைக்கு இருந்த அதே 5/8. முதல் சேலையை எடுத்துப் பார்க்காமல் பக்கத்தில் வைத்துவிட்டால், அது பைக்குள் இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன, நமக்குத் தெரிந்தது ஒன்றும் கூடவில்லை. இதை ஒரு முறை கையால் போட்டுப் பார்க்காமல் யாரும் நம்புவதில்லை. நானும் மாணவனாக இருந்தபோது நம்பவில்லை.

சீட்டிலிருந்து இன்னும் சில கணக்குகள். முதல் எட்டுக் குலுக்கலுக்குள் என் பெயர் வந்துவிடுவதற்கான நிகழ்தகவு, எட்டு முறைக்கும் தலைக்கு 1/20 வீதம் கூட்ட, 8/20 = 2/5. இங்கே கூட்டலாம், ஏனெனில் என் பெயர் இரண்டு மாதங்களில் வர முடியாது, ஆகவே அந்த எட்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று விலக்குபவை. ஓரகத்திகள் இருவர் ஆளுக்கொரு சீட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனியில் வீட்டு வேலை தொடங்குவதால் இருவருக்கும் முதல் ஐந்து குலுக்கலுக்குள் விழுந்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மூத்தவரின் பெயர் முதல் ஐந்து இடங்களில் அமைவது 5/20; அது அமைந்துவிட்டால் மிஞ்சிய 19 இடங்களில் இளையவருக்கு ஏற்றவை 4; எனவே 5/20 × 4/19 = 1/19. தனித்தனியே கால் பங்கு வாய்ப்புத்தானே என்று 1/4 × 1/4 = 1/16 எனக் கணக்கிட்டால், மூத்தவர் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டதை மறந்துவிட்டோம் என்று ஆகும்.

வந்த பெயரைக் கிழிக்காமல் செம்பிலேயே திரும்பப் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது ஒவ்வொரு மாதமும் என் பெயர் வராமலிருப்பது 19/20 ஆகவே நீடிக்கும். இருபது மாதமும் வராமலே போவது 19/20 என்பதை இருபது முறை பெருக்கக் கிடைப்பது, ஏறத்தாழ 0.36. அதாவது மாதந்தோறும் பணம் கட்டிவிட்டுக் கடைசிவரை வெறுங்கையோடு நிற்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு. அப்படி ஒரு சீட்டை எந்த அக்காவாலும் ஒரு தெருவில் நடத்தி முடிக்க முடியாது.

பலவற்றை எடுக்கும்போது

அழகர்கோவில் போகும் வழியில் அர்ச்சனைக்கு வாங்கிய சாக்கில் 12 தேங்காய்கள், சோழவந்தான் காய்கள். அவற்றில் 3 அழுகல், ஆனால் ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எதையும் தேர்ந்து எடுக்காமல் 4 காய்களை எடுத்து உடைக்கிறோம். நான்கும் நல்ல காய்களாக இருப்பதற்கான நிகழ்தகவை முன்போலவே படிப்படியாகப் போடலாம்: 9/12 × 8/11 × 7/10 × 6/9 = 14/55, ஏறத்தாழ 0.25. உடைத்த காயைத் திருப்பிச் சாக்கில் போட வழியில்லை என்பது இந்த எடுத்துக்காட்டின் வசதி.

குறைந்தது ஓர் அழுகல் வருவதற்கு? இங்கே ஒரு மாணவர் எழுதிய விடை எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு காய் அழுகலாக இருக்க 3/12, அதாவது கால் பங்கு. நான்கு காய்களுக்கு நான்கு கால். ஆக மொத்தம் ஒன்று, எனவே அழுகல் வருவது உறுதி என்று எழுதியிருந்தார். ஒன்பது நல்ல காய்கள் கிடக்கும் சாக்கிலிருந்து நான்கு நல்லதாக வரவே முடியாதா என்று கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். சீட்டில் கூட்டியதுபோல் இங்கே கூட்ட முடியாது; முதல் காயும் அழுகல், இரண்டாம் காயும் அழுகல் என்று இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்தே நடக்கலாம், நடந்தால் அவை இருமுறை எண்ணப்பட்டுவிடும். "குறைந்தது ஒன்று" என்னும் சொல்லைக் கண்டவுடன் எதிர்ப்பக்கம் திரும்பி நிரப்பு நிகழ்ச்சியைப் பிடிப்பதே சுருக்கமான வழி: ஒன்றுகூட அழுகல் இல்லாதது 14/55; எனவே குறைந்தது ஒன்று அழுகல் 1 − 14/55 = 41/55, ஏறத்தாழ 0.75.

சரியாக ஒன்று மட்டும் அழுகல் என்று கேட்டால் படிப்படியான வழி சற்று நீளும், ஏனெனில் அந்த அழுகல் முதலாவதாகவோ, இரண்டாவதாகவோ, மூன்றாவதாகவோ, நான்காவதாகவோ வரலாம். முதலாவதாக வருவது 3/12 × 9/11 × 8/10 × 7/9 = 7/55. மற்ற மூன்று வரிசைகளிலும் தொகுதியில் இதே எண்கள் இடம் மாறி நிற்கும், பகுதி மாறாது. எனவே ஒவ்வொன்றும் 7/55, மொத்தம் 28/55. வரிசையின் எண்ணிக்கையால் பெருக்க மறப்பதுதான் இங்கே வழக்கமாக நேரும் குறை.

வரிசையே வேண்டாம் என்றால் சேர்மானத்தை, அதாவது வரிசை பாராமல் எத்தனை வகையில் தேர்ந்தெடுக்கலாம் என்னும் எண்ணிக்கையைப் பயன்படுத்தலாம். 12 காய்களிலிருந்து 4 காய்களை (12 × 11 × 10 × 9) ÷ (4 × 3 × 2 × 1) = 495 வகையில் தேர்ந்தெடுக்கலாம். 3 அழுகலில் ஒன்றை 3 வகையிலும், 9 நல்ல காய்களில் மூன்றை 84 வகையிலும் தேரலாம்; எனவே 3 × 84 = 252, நிகழ்தகவு 252/495 = 28/55. இரண்டு அழுகல் வருவது 3 × 36 = 108, அதாவது 12/55; மூன்றும் அழுகலாக வருவது 1 × 9 = 9, அதாவது 1/55. நான்கு அழுகல் வர வழியில்லை, இருப்பதே மூன்று. கூட்டிப் பாருங்கள்: 14 + 28 + 12 + 1 = 55.

எந்த வழியில் போனாலும் மேலும் கீழும் ஒரே முறையில் எண்ண வேண்டும் என்பதை வலியுறுத்தாமல் இருக்க முடியாது. சுங்குடிப் பைக்குத் திரும்பினால், ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் சேர்ந்த தேர்வுகள் 5 × 3 = 15; வரிசை பாராத மொத்தத் தேர்வுகள் 28; விடை 15/28. மேலே வரிசை பாராமல் 15 என்றும் கீழே வரிசை பார்த்து 56 என்றும் எழுதினால் விடை சரிபாதியாகச் சுருங்கிவிடும். இரண்டு மூன்று பொருள்களை எடுக்கும் கணக்குக்குப் படிப்படியான பெருக்கலும், அதற்கு மேற்பட்டதற்குச் சேர்மானமும் வசதி என்பது என் அனுபவம். தேர்வில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

எடுக்கும் கையும் சாக்கின் அளவும்

இவ்வளவு கணக்கும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: எடுக்கும் கைக்கு எல்லாப் பொருளும் சமமாக இருக்க வேண்டும். என் அம்மா தேங்காயை எடுத்ததும் காதருகே வைத்து ஆட்டி நீர் சலசலப்பதைக் கேட்பார். பிறகு விரலால் தட்டிப் பார்ப்பார். அதன் பிறகே கூடையில் போடுவார். அவர் எடுத்த நான்கு காய்களுக்கு 14/55 பொருந்தாது, அவர் கையில் நிகழ்தகவு வேறு. குலுக்கலில் குழந்தையைக் கூப்பிடுவதற்கும் இதுவே காரணம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும், குடவோலை முறையில் ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. துண்டுத்தாள்களில் ஒன்று மட்டும் தடித்த அட்டையாக இருந்தாலும், மேலே போட்டதை அடிவரை குலுக்காமல் விட்டாலும், 1/20 என்பது தாளில் மட்டுமே இருக்கும்.

கடைசியாக, சாக்குப் பெரிதானால் திருப்பி வைக்காததன் விளைவு எவ்வளவு தேறும் என்று பார்ப்போம். 12 காய்களில் 3 அழுகல் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் திருப்பி வைத்ததாகக் கருதி 3/4 என்பதை நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.316, உண்மை விடையோ 0.255. வேறுபாடு பெரிது. அதே விகிதத்தில், லாரியில் வந்திறங்கிய 1,200 காய்களில் 300 அழுகல் என்று வைத்து நான்கு எடுத்தால், 900/1200 × 899/1199 × 898/1198 × 897/1197 என்பது ஏறத்தாழ 0.3159; திருப்பி வைத்ததாகக் கொண்டால் 0.3164. மூன்றாம் தசம இடத்தில்கூட வேறுபாடு ஒன்றுக்கும் குறைவு. எடுப்பது மொத்தத்தில் மிகச் சிறு பங்காக இருக்கும்போது, 3/4 ஐயே நான்கு முறை பெருக்கி விட்டுவிடலாம் என்று வணிகக் கணக்கிலும் தரச் சோதனையிலும் அனுமதிப்பது இதனால்தான். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதானால் அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொள்வதில்லை. தேர்வுத் தாளில் எவ்வளவு பெரிய எண் கொடுத்திருந்தாலும், "திரும்ப வைக்காமல்" என்று இருந்தால், 1199 என்றே எழுத வேண்டும்.